இரட்டை விசில்

ஒற்றை விசிலுக்கு நிற்கும்
இரட்டைக்குப் போகும்.
பத்தொன்பது வருடமாகச் செய்யதுக்கும் எனக்கும்
இதற்குமேல் இலக்கணம் தேவைப்பட்டதில்லை.

அன்று ஆலப்பாக்கத்தில் இறங்க ஆளில்லை,
போகலாம் என்று ஊதினேன்.
முதல் விசில் வந்தது.
இரண்டாவதற்கு நெஞ்சில் காற்றில்லை.
வண்டி நின்றது.
பின்னால் வந்த மீன் வேன்காரன்
என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார் செய்யது:
"ஒரு மாசமாவே உன் விசில் இழுக்குது தில்லை.
நான்தான் சொல்லல."

கடலூர் பெரியாஸ்பத்திரி, மாடியில் கடைசி அறை.
மூக்குக்குத் துணி கிளிப் மாதிரி ஒன்று,
வாய்க்கு அட்டைக்குழாய்.
"உதட்ட இறுக்குங்க. நல்லா இழுங்க, இன்னும், இன்னும்,
இப்ப ஊது! ஊது ஊது ஊது விடாத விடாத விடாத"
என்றார் ஜெசிந்தா.
மரியாதை பாதி வழியில் இறங்கிக்கொண்டது.
"உள்ள போ உள்ள போ" என்று
நான் கத்துவதும் இதே சுருதிதான்.

மூன்று தடவை.
திரையில் கோடு விருட்டென ஏறி
உடனே தொய்ந்தது,
ஈரப் போர்வை போட்ட கொடிக்கயிறாக.
பம்ப் அடித்துவிட்டுக் கால் மணி நேரம்
வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள்.
திரும்பி வந்து ஊதினேன். கொடி கொஞ்சம் இறுகியிருந்தது.
"முன்னூத்தம்பது மில்லி கூடியிருக்கு சார்."

ஒன்றரை டம்ளர் காற்று.
இத்தனை நாள் எங்கே இருந்தது?
உள்ளேதான். படிக்கட்டை அடைத்த கூட்டத்துக்குப் பின்னால்,
இறங்க வழியில்லாமல்,
தன் ஸ்டாப் போவதைப் பார்த்துக்கொண்டு.

ஆஸ்துமா என்று எழுதினார் டாக்டர்.
நாற்பத்தேழு வயசுக்கு மேலயா, என்றேன்.
அதுக்கு ஏது வயசு, என்றார்.
சிவப்பு முள் வைத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று கொடுத்தார்கள்.
காலையில் மூன்று ஊது, இரவில் மூன்று ஊது,
பெரிய எண்ணை எழுது.
இரண்டு வாரம்.

நான் எழுதவில்லை.
போகவேண்டிய நாள் விடிந்ததும்
பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து
ஒரே மூச்சில் நிரப்பினேன்:
400, 400, 410, 400,
ஒரே பேனா, ஒரே சாய்வு.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஜெசிந்தா.
"ஏன் சார், உங்க பஸ்ல தினமும்
நாப்பது பேர்தான் ஏறுவாங்களா?
கூட மாட்டாங்க, குறைய மாட்டாங்க?"
எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்,
டிக்கெட் எங்கே என்றதும்
சன்னலுக்கு வெளியே பார்ப்பவர்களை.
சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
ஒரு வேப்பமரம். அதன் கீழ் யாரோ இருமினார்கள்.

இப்போது எழுதுவது உண்மைக் கணக்கு.
செவ்வாய், விடியல் நாலு மணி, டிப்போ ஓய்வறை: 240.
பக்கத்துக் கட்டிலில் கொசுவர்த்தி
(இதையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்).
புதன், சிப்காட் வாடை, சன்னலெல்லாம் சாத்தினோம்: 300.
வியாழன், பம்ப் மறந்தேன். 260.
அதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.
ஞாயிறு, விடுப்பு, வீடு: 380.
குழாயை வளர்மதி பிடுங்கி ஊதினாள், 420.
"விறகடுப்பு ஊதின வாயி" என்று சிரித்தாள்.

எல்லாப் பழியையும் புகைபோக்கிகள் மேல் போட்டு வைத்திருந்தேன்.
முள் யார் பக்கமும் பேசவில்லை.
இறங்கினால் இறங்கியது,
ஏறினால் ஏறியது. ஏன் என்று
தேதிகளைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

போன வாரம் புதுச்சத்திரத்தில் இரண்டும் வந்தன.
இரண்டாவது கொஞ்சம் சன்னம்.
செய்யது கியரைப் போட்டார், திரும்பவில்லை.

நேற்று ராத்திரி வண்டியை டிப்போவில் விட்டு
பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
"எவ்வளவு?" என்றார்.
வசூலைச் சொன்னேன்.
"அது இல்லப்பா."